பள்ளிக்கும் வரிக்கும் நடுவே ஊர் பட்ஜெட்: மாசசூசெட்ஸில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்களில் பல, பள்ளிக்கூடத்தைப் பார்த்துத்தான் ஊரைத் தேர்ந்தெடுக்கின்றன. ஷ்ரூஸ்பரியோ வெஸ்ட்ஃபோர்டோ ஆக்டனோ, எந்த ஊரானாலும் வீட்டு விலைக்குள் பள்ளியின் நற்பெயரும் அடங்கியிருக்கிறது. குடியேறி ஓராண்டு ஆனதும் சொத்து வரி பில் வருகிறது. ஏறத்தாழ அதே நாட்களில், அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் பற்றாக்குறை இருப்பதாகவும் சில ஆசிரியர் பணியிடங்கள் குறையக்கூடும் என்றும் பள்ளியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது. இவ்வளவு வரி கட்டியும் ஏன் போதவில்லை என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது. அந்தக் கேள்விக்கு விடை தேடவும், விடை தெரிந்த பிறகு உரிய இடத்தில் உரிய நேரத்தில் பேசவும் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை வரிசைப்படி எழுதியிருக்கிறேன்.

படி 1: வரி பில்லைச் சரியாக வாசியுங்கள்

இங்கே நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்கி மறு ஆண்டு ஜூன் 30 அன்று முடிகிறது. பெரும்பாலான ஊர்களில் வரி நான்கு தவணைகளாக ஆகஸ்ட், நவம்பர், பிப்ரவரி, மே மாதங்களின் முதல் தேதிக்குள் கட்டப்படுகிறது. முதல் இரண்டு பில்களும் சென்ற ஆண்டுக் கணக்கை வைத்துப் போட்ட தற்காலிக பில்கள். ஜனவரியில் வருவதில்தான் உங்கள் வீட்டின் புதிய மதிப்பும், ஆயிரம் டாலருக்கு இவ்வளவு என்ற வரி விகிதமும் அச்சாகியிருக்கும். மதிப்பு தவறென்று கருதினால், அந்தப் பில்லுக்கான கடைசித் தேதிக்குள், அதாவது வழக்கமாகப் பிப்ரவரி 1-க்குள், வரிக் குறைப்பு மனு கொடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் அந்த ஆண்டுக்கான வாய்ப்பு போய்விடும்.

இதே பில்லை வைத்துக்கொண்டு பலர் இரண்டு தவறான முடிவுகளுக்கு வருகிறார்கள். வீட்டு மதிப்பு பத்து சதவீதம் ஏறினால் ஊருக்குப் பத்து சதவீதம் கூடுதல் பணம் கிடைக்கிறது என்பது முதல் தவறு. ஊரில் எல்லா வீடுகளும் ஒரே அளவில் ஏறினால் வரி விகிதம் அதற்கேற்ப இறங்கும். ஊர் வசூலிக்கக்கூடிய மொத்தத் தொகைக்கு வேறொரு சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. என் வரி ஆண்டுக்கு இரண்டரை சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்பது இரண்டாவது தவறு. அந்த வரம்பு ஊரின் மொத்த வசூலுக்கு உரியது. மற்ற வீடுகளைவிட உங்கள் வீட்டின் மதிப்பு வேகமாக ஏறியிருந்தால், உங்கள் பில் ஆறு சதவீதம்கூட ஏறலாம்.

படி 2: 'இரண்டரை' என்ற எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள்

1980 நவம்பரில் இம்மாநில வாக்காளர்கள் நேரடியாக வாக்களித்து நிறைவேற்றிய சட்டம் 'ப்ரொபோசிஷன் 2½'. இதன்படி ஓர் ஊரின் சொத்து வரி வசூல், சென்ற ஆண்டின் உச்சவரம்பைவிட இரண்டரை சதவீதம்தான் கூடலாம். அதோடு, அந்த ஆண்டில் புதிதாகக் கட்டப்பட்ட வீடுகள், கடைகள் முதலியவற்றிலிருந்து வரும் வரியைச் சேர்த்துக்கொள்ளலாம். இதைப் 'புதிய வளர்ச்சி' என்கிறார்கள். இதற்கு மேல் வேண்டுமென்றால் மக்களிடம் வாக்குக் கேட்டாக வேண்டும். வரி செலுத்துவோரின் நலனைக் காக்கவே எழுந்த சட்டம் இது என்பதையும், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அது அந்த வேலையைச் செய்துவருகிறது என்பதையும் பள்ளிக்காக வாதாடுகிறவர்கள் மறக்கக் கூடாது.

சட்டம் புரிந்தாலும் கணக்கு புரிவதற்கு ஓர் எடுத்துக்காட்டு தேவை. மூவாயிரம் மாணவர்கள் படிக்கும் ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். அதன் சென்ற ஆண்டு வரி வரம்பு 8 கோடி டாலர். இரண்டரை சதவீதம் என்றால் 20 லட்சம் டாலர், புதிய வளர்ச்சி 6 லட்சம். இனி மாநில உதவி. 'சாப்டர் 70' என்ற இந்த உதவியின் சூத்திரம் ஊரின் சொத்து மதிப்பையும் வருமானத்தையும் பார்த்து, வசதி குறைந்த ஊருக்கு அதிகமாகவும் வசதியான ஊருக்குக் குறைவாகவும் கொடுக்கிறது. பள்ளிகளுக்கான மாநில உதவியைப் பெருக்க 2019-இல் கையெழுத்தான மாணவர் வாய்ப்புச் சட்டத்தின் பெரும் பயன் ஏழைக் குழந்தைகள் அதிகம் படிக்கும் நகரங்களுக்குப் போகிறது, அது நியாயமும்கூட. நம்மவர்கள் அதிகம் வாழும் புறநகர் ஊர்கள் பலவற்றுக்கு ஆண்டுதோறும் கிடைப்பது ஒரு மாணவருக்கு இத்தனை டாலர் என்ற குறைந்தபட்ச உயர்வுதான். 2025 நிதியாண்டில் அது 104 டாலர், 2026-இல் 150 டாலர். நம் கற்பனை ஊருக்கு 150 வீதம் 4.5 லட்சம் வருகிறது. ஆக, புதிதாகக் கையில் வருவது 30.5 லட்சம் டாலர்.

செலவைப் பாருங்கள். பள்ளி பட்ஜெட் 6 கோடி. ஒப்பந்தப்படியான சம்பள உயர்வு, ஆசிரியர்கள் பணிக்காலத்துக்கேற்ப ஏறும் படிநிலை, பேருந்து, சிறப்புக் கல்வி எல்லாம் சேர்ந்து ஐந்து சதவீதம் ஏறினால் 30 லட்சம் கூடுதலாக வேண்டும். ஊழியர் மருத்துவக் காப்பீடு 1 கோடி, அது 12 சதவீதம் ஏறினால் 12 லட்சம். ஓய்வூதிய நிதிக்குக் கூடுதலாக 5 லட்சம். காவல், தீயணைப்பு, சாலை, நூலகம் ஆகியவற்றின் 2.5 கோடியில் மூன்று சதவீதம் ஏற்றம் 7.5 லட்சம். மொத்தம் 54.5 லட்சம். யாரும் ஊதாரித்தனம் செய்யாமலேயே, புதிய திட்டம் ஒன்றைக்கூடத் தொடங்காமலேயே, 24 லட்சம் டாலர் குறைகிறது. ஊருக்கு ஊர் தொகைகள் மாறினாலும், கணக்கின் வடிவம் பெரும்பாலும் இதுதான்.

எனவே பற்றாக்குறை என்று கேட்டவுடன் "பணம் எங்கே போனது?" என்று கோபப்படுவதும், "வரி கட்ட மனமில்லாதவர்கள்" என்று அண்டை வீட்டாரைப் பழிப்பதும் இரண்டுமே அவசரம். வரவு இரண்டரை சதவீதத்தில் நடக்க, செலவு நாலைந்து சதவீதத்தில் ஓடுகிறது என்ற அடிப்படை முரண்பாட்டை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

படி 3: யார் எதைத் தீர்மானிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பள்ளி பட்ஜெட்டை, ஊர்ப் பள்ளிகளின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டென்ட் தயாரிக்கிறார். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிக் குழு அதை விவாதித்து ஏற்கிறது. ஊரின் பிற துறைகளுக்கான பட்ஜெட், ஊர் நிர்வாக அலுவலரான டவுன் மேனேஜரும், மக்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுவான செலக்ட் போர்டும் சேர்ந்து உருவாக்குவது. இரண்டையும் நிதிக் குழு, பேச்சுவழக்கில் 'ஃபின்காம்', ஆராய்ந்து பரிந்துரை செய்கிறது. இறுதியில் ஊர்ச் சபையான டவுன் மீட்டிங் வாக்களிக்கிறது. ஆக்டன், வெஸ்ட்ஃபோர்டு போன்ற ஊர்களில் பதிவுசெய்த வாக்காளர் எவரும் அதில் வாக்களிக்கலாம். லெக்ஸிங்டன், ஷ்ரூஸ்பரி போன்ற ஊர்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் மட்டும் வாக்களிப்பார்கள். நியூட்டன் போன்ற நகரங்களில் இந்த இடத்தில் மேயரும் நகர மன்றமும் இருக்கின்றன.

புதியவர்கள் அடிக்கடி தவறவிடும் ஒரு விதி உண்டு. டவுன் மீட்டிங் பள்ளிக்கான மொத்தத் தொகையை மட்டுமே தீர்மானிக்க முடியும். அந்தத் தொகைக்குள் எதற்கு எவ்வளவு என்பது சட்டப்படி பள்ளிக் குழுவின் அதிகாரம். ஆகவே "நூலகரை எடுக்காதீர்கள்" என்ற கோரிக்கையோடு மே மாத டவுன் மீட்டிங்கில் எழுந்து நின்றால், அங்கிருப்பவர்கள் அனுதாபத்தோடு கேட்பார்கள், ஆனால் அவர்களால் ஒன்றும் செய்ய இயலாது. அந்தக் கோரிக்கைக்கு உரிய இடம் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் கூடும் பள்ளிக் குழு.

குடியுரிமை பெறாதவர்களுக்கு, அதாவது எச்-1பி விசாவிலோ க்ரீன் கார்டிலோ இருப்பவர்களுக்கு, ஒரு வார்த்தை. உங்களுக்கு வாக்கு இல்லை. ஆனால் நீங்கள் வரி செலுத்துபவர், உங்கள் குழந்தை அந்தப் பள்ளியில் படிக்கிறது. பள்ளிக் குழு தன் பட்ஜெட்டை நிறைவேற்றும் முன் பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும் என்பது சட்டம். அங்கே பேசுவதற்குக் குடியுரிமை தேவையில்லை. டவுன் மீட்டிங்கிலும் வாக்காளர் அல்லாதோர் தனி இருக்கைகளில் அமர்ந்து பார்க்கலாம். கூட்டத்தை நடத்தும் மாடரேட்டரின் அனுமதி கிடைத்தால் பேசவும் செய்யலாம். "நமக்கு எதற்கு வம்பு" என்று ஒதுங்கி நிற்கும் குடும்பங்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அவர்கள் ஒதுங்குவதால் எவருக்கும் வம்பு குறைவதில்லை. பள்ளிக்குழந்தைகளில் கணிசமானோரின் பெற்றோர் என்ன நினைக்கிறார்கள் என்பது முடிவெடுப்பவர்களுக்குத் தெரியாமல் போவதுதான் மிச்சம்.

படி 4: காலண்டரில் குறித்துவையுங்கள்

அக்டோபர், நவம்பரில் அடுத்த ஆண்டுக்கான வழிகாட்டு இலக்குகள் வகுக்கப்படுகின்றன. டிசம்பரில், அல்லது ஜனவரித் தொடக்கத்தில், சூப்பரின்டென்டென்ட் தன் பரிந்துரையை வெளியிடுகிறார். ஜனவரியில் ஆளுநரின் பட்ஜெட் வருகிறது. அதிலிருந்து உங்கள் ஊருக்கு எவ்வளவு மாநில உதவி என்ற முதல் மதிப்பீடு 'செர்ரி ஷீட்' என்ற பெயரில் வெளியாகிறது. ஒரு காலத்தில் செர்ரி நிறத் தாளில் அச்சிட்டதால் வந்த பெயர் அது. பிப்ரவரி, மார்ச்சில் ஃபின்காம் கேள்வி கேட்கிறது. வசந்த காலத்தில் டவுன் மீட்டிங்.

கூட்ட அறிவிப்பு, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களைக் கழித்து, குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் வெளியாக வேண்டும். ஊரின் இணையதளத்தில் மின்னஞ்சல் அறிவிப்புக்குப் பதிவுசெய்துவிட்டால் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நான் முதன்முதலில் போன பட்ஜெட் கருத்துக் கேட்பு, ஜனவரி மாதத்துக் கடும் குளிரில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் நூலக அறையில் நடந்தது. அறுபது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வந்திருந்தவர்கள் ஒன்பது பேர். வாசிப்பில் பின்தங்கிய குழந்தைகளுக்கு உதவும் ஓர் ஆசிரியரின் பணியிடம் பட்டியலில் இருந்து நீங்கியிருப்பதைச் சுட்டிக்காட்டி, தன் மகன் அவரிடம் என்ன கற்றான் என்பதை ஒரு தாய் மூன்று நிமிடம் பேசினார். அடுத்து வந்த முதியவர் தன் கோட்டுப் பையிலிருந்து நான்காக மடித்த வரி பில்லை எடுத்து விரித்து, தன் ஓய்வூதியத்தில் எத்தனை மாதம் அதற்கே போகிறது என்று கணக்குச் சொன்னார். அந்த இருவரும் பேசியதைக் குழு உறுப்பினர்கள் குறித்துக்கொண்டார்கள். அதே ஆண்டு மே மாதம், முந்நூறு பேர் கூடிய அரங்கில் அதே விஷயங்கள் பல மடங்கு உரக்கப் பேசப்பட்டன. அதற்குள் எண்கள் அனைத்தும் முடிவாகிவிட்டிருந்தன. அந்த ஒன்பது பேர் அறையில்தான் ஊரின் நியாயம் தீர்மானிக்கப்படுகிறது என்று அன்று முதல் நம்புகிறேன்.

படி 5: பட்ஜெட் புத்தகத்தில் நான்கு இடங்களைத் தேடுங்கள்

நூற்றைம்பது பக்க ஆவணத்தை முழுதும் படிக்கத் தேவையில்லை. முதலில், ஆறேழு ஆண்டு மாணவர் எண்ணிக்கையையும் பணியாளர் எண்ணிக்கையையும் ஒன்றின் அருகே ஒன்றாக எழுதிப் பாருங்கள். மாணவர்கள் குறைந்தும் பணியிடங்கள் கூடியிருந்தால் காரணம் கேளுங்கள். நல்ல காரணம் இருக்கலாம்: ஆங்கிலம் கற்கும் மாணவர்கள் கூடியிருக்கலாம், மனநல ஆலோசகர் தேவை பெருகியிருக்கலாம். காரணம் கேட்பது வரி செலுத்துபவரின் உரிமை, அதைச் சொல்வது நிர்வாகத்தின் கடமை.

இரண்டாவது, ஒருமுறை மட்டும் கிடைக்கும் பணம் ஆண்டுதோறும் தொடரும் சம்பளத்துக்குப் போகிறதா என்பது. என் கணிப்பில் பள்ளிக்கும் வரி செலுத்துவோருக்கும் ஒருசேரக் கேடு விளைவிப்பது இதுதான். பெருந்தொற்றுக் காலத்தில் வந்த கூட்டாட்சி நிவாரண நிதியில் பல பள்ளி மாவட்டங்கள் நிரந்தரத் தன்மையுள்ள பணியிடங்களை உருவாக்கின. அந்த நிதியின் கடைசித் தவணைக்கான கெடு 2024 செப்டம்பரில் முடிந்தபோது பள்ளம் தெரிந்தது. ஊரின் 'ஃப்ரீ கேஷ்', அதாவது சென்ற ஆண்டு மிஞ்சி மாநில வருவாய்த் துறையின் சான்று பெற்ற தொகை, கூரை மாற்றவோ பேருந்து வாங்கவோ பயன்பட்டால் நல்லது. சம்பளத்துக்குப் போனால் அடுத்த ஆண்டு அதே பள்ளம் இன்னும் ஆழமாகத் திரும்பி வரும். நிலைப்படுத்தும் நிதி எனப்படும் சேமிப்பிலிருந்து பணம் எடுக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை என்று சட்டம் வைத்திருப்பதும் இந்த எச்சரிக்கையால்தான்.

மூன்றாவது, கட்டணங்கள். ஆறாம் வகுப்பு வரை, பள்ளியிலிருந்து இரண்டு மைலுக்கு அப்பால் வசிக்கும் குழந்தைகளுக்குப் பேருந்து இலவசமாக இருந்தாக வேண்டும். மற்றவர்களிடம் கட்டணம் வாங்கலாம். விளையாட்டுக்கும் இசைக்கும் கட்டணம் ஏற்றுவது, வரியை ஏற்றாமல் சுமையைப் பெற்றோர் பக்கம் நகர்த்துவதாகும். மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு அது எவ்வளவு ஆகிறது என்று கூட்டிப் பாருங்கள்.

நான்காவது, சிறப்புக் கல்வி. சில குழந்தைகளுக்கு ஊர்ப் பள்ளியில் தர இயலாத கவனிப்பு தேவைப்படும்போது, வெளியே சிறப்புப் பள்ளிக்கு அனுப்பும் செலவை மாவட்டமே ஏற்க வேண்டும். ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு லட்சம் டாலரைத் தாண்டுவதும் உண்டு. 2024 நிதியாண்டில் இத்தனியார் சிறப்புப் பள்ளிகளின் கட்டணத்தை 14 சதவீதம் உயர்த்த மாநிலம் அனுமதித்தது. அவ்வளவு பெரிய உயர்வைப் பல ஊர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. 'சர்க்யூட் பிரேக்கர்' என்ற மாநிலத் திட்டம், ஒரு மாணவருக்கான மாநிலச் சராசரி அடிப்படைச் செலவின் நான்கு மடங்குக்கு மேல் போகும் தொகையில் 75 சதவீதத்தைத் திருப்பித் தருகிறது. மீதி ஊரின் தோள்மேல். இதைப் பற்றிப் பேசும்போது சொல்லில் கவனம் தேவை. அந்தக் குழந்தைகளின் பெற்றோரும் அதே அறையில் அமர்ந்திருப்பார்கள். கேள்வி கேட்க வேண்டியது மாநிலத்தின் பங்கைப் பற்றி; எந்தக் குழந்தையும் ஊருக்குப் பாரம் என்ற தொனி வந்துவிடக் கூடாது.

படி 6: ஓவர்ரைடு வாக்கெடுப்பு வந்தால்

பற்றாக்குறையை வேறு வழியில் அடைக்க முடியாதபோது, இரண்டரை வரம்பைத் தாண்ட அனுமதி கேட்டு செலக்ட் போர்டு வாக்கெடுப்பு வைக்கிறது. இதில் முக்கியமாக இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. 'ஓவர்ரைடு' அன்றாடச் செலவுக்கானது; அது வரி வரம்பின் அடித்தளத்தையே நிரந்தரமாக உயர்த்துகிறது, அடுத்த ஆண்டின் இரண்டரை சதவீதம் அந்த உயர்ந்த தொகையின் மேல் கணக்கிடப்படும். 'டெட் எக்ஸ்க்ளூஷன்' பெரும்பாலும் கட்டடக் கடனுக்கானது. கடன் தீரும்வரை மட்டும் கூடுதல் வரி. வாக்குச்சீட்டின் வாசகம் இங்கே புதியவர்களைத் தடுமாற வைக்கும். ஓவர்ரைடு கேள்வியில் "ஜூலை முதல் தேதி தொடங்கும் நிதியாண்டுக்கு" என்று எழுதியிருப்பதால் ஓராண்டு வரி என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது தொடங்கும் ஆண்டு மட்டுமே.

நம் கற்பனை ஊரில் 24 லட்சம் டாலர் ஓவர்ரைடு வருகிறது என்றும், ஊரின் மொத்தச் சொத்து மதிப்பு 600 கோடி டாலர் என்றும் கொள்வோம். ஆயிரம் டாலருக்கு 40 சென்ட் ஏறும். 7 லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு 280 டாலர். மறுபுறம், ஓவர்ரைடு தோற்று முழுக் குறையும் பள்ளியின்மேல் விழுந்தால், ஓர் ஆசிரியருக்கு 80 ஆயிரம் என்று வைத்து, சுமார் 30 பணியிடங்கள். வேலையிழந்தவர்களுக்கான உதவித்தொகையையும் பெரும்பாலும் ஊரே ஏற்க வேண்டியிருப்பதால் முதல் ஆண்டில் இன்னும் சில பணியிடங்கள் போகும். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துச் சொல்லாத பிரச்சாரத் துண்டறிக்கை, எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், பாதித் தகவல்தான்.

நியூட்டன் நகரில் 2023 மார்ச்சில் நடந்தது இதற்கு நல்ல பாடம். இரண்டு பள்ளிக் கட்டடங்களுக்கான டெட் எக்ஸ்க்ளூஷன்களை ஏற்ற வாக்காளர்கள், அன்றாடச் செலவுக்கான ஓவர்ரைடை அதே நாளில் நிராகரித்தார்கள். கண்ணால் காணும் கட்டடத்துக்கும் முடிவுத் தேதி உள்ள வரிக்கும் இசைவது எளிது. முடிவில்லாத வரிக்கு மனம் தயங்குகிறது. அத்தயக்கத்தை மதிக்கத் தெரிந்த ஊர்கள், இந்தத் தொகையை வைத்து இத்தனை ஆண்டுகளுக்கு மறுபடி கேட்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாக்குக் கேட்கின்றன. உங்கள் ஊர் ஓவர்ரைடு கேட்டால், அப்படியொரு பல்லாண்டுத் திட்டம் இருக்கிறதா என்பதை முதல் கேள்வியாக வையுங்கள்.

படி 7: வரியைத் தாங்க முடியாதவர்களுக்கு வழி இருக்கிறதா என்று கேளுங்கள்

பள்ளிக்காகக் கூடுதல் வரி கேட்கிறவர்கள் இந்தப் படியைத் தவிர்ப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. முப்பது ஆண்டு முன் வாங்கிய வீட்டில் தனியாக வாழும் ஓய்வுபெற்றவருக்கு வீட்டு மதிப்பு காகிதத்தில்தான் ஏறுகிறது. கையில் வருமானம் ஏறவில்லை. அவர்களுக்குச் சில வசதிகள் உண்டு. வருமான வரம்புக்குட்பட்ட முதியோருக்கு வரி விலக்கு, 65 வயதுக்கு மேற்பட்டோர் வீடு விற்கும்வரை வரியைத் தள்ளிப்போடும் வசதி, ஊர் அலுவலகத்தில் சில மணி நேரம் வேலைசெய்து வரியைக் கழித்துக்கொள்ளும் திட்டம், மாநில வருமான வரியில் முதியோருக்கான சலுகை ஆகியவை அவை. இந்த வருமான வரிச் சலுகையின் பெயரும் சர்க்யூட் பிரேக்கர்தான். பள்ளித் திட்டத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். 2023 வரிச் சீர்திருத்தத்தில் இதன் உச்ச அளவு இரட்டிப்பாக்கப்பட்டது. சட்பரி ஊர், வருமானத்தைப் பார்த்து முதியோருக்கு வரி குறைக்கும் தனிச்சட்டம் ஒன்றையே பெற்றிருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் மனுப் போட வேண்டும்; தகுதியுள்ள பலர் போடுவதில்லை. உங்களோடு வாழவரும் பெற்றோரோ, பக்கத்து வீட்டுப் பெரியவரோ தகுதி உள்ளவராக இருந்தால், வீட்டு மதிப்பைக் கணக்கிடும் அசெஸர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். ஊரின் சலுகை அளவுகளை உயர்த்த வேண்டுமென்றால், பதிவுசெய்த வாக்காளர்கள் பத்துப் பேர் கையெழுத்திட்டால் போதும், ஆண்டு டவுன் மீட்டிங்கின் நிகழ்ச்சி நிரலில் அதைத் தீர்மானமாகச் சேர்த்துவிடலாம். ஓவர்ரைடுக்கு ஆதரவு திரட்டும் பெற்றோர் குழு, அதே ஆண்டில் இந்தத் தீர்மானத்துக்கும் கையெழுத்து வாங்கினால், மே மாத அரங்கில் பேச்சின் சூடு எவ்வளவு தணிகிறது என்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

படி 8: ஒலிவாங்கியின் முன்

பெயர், தெரு சொல்லித் தொடங்குங்கள். பொதுவாக இரண்டு அல்லது மூன்று நிமிடங்களே கிடைக்கும். ஒரே ஒரு பக்கத்தை, ஒரே ஓர் எண்ணைச் சுட்டி, ஒரு கேள்வி கேளுங்கள்: "எழுபத்திரண்டாம் பக்கத்தில் பேருந்து ஒப்பந்தம் ஒன்பது சதவீதம் ஏறியிருக்கிறது, எத்தனை நிறுவனங்கள் ஏலம் கேட்டன?" இப்படிப்பட்ட கேள்விக்கு அன்றே விடை கிடைக்காவிட்டாலும் அடுத்த கூட்டத்தின் ஆவணத்தில் எழுத்தில் வரும். ஆங்கில உச்சரிப்பைப் பற்றிக் கூச்சம் வேண்டாம். எழுதி வைத்துப் படிக்கலாம், முன்கூட்டியே மின்னஞ்சலிலும் அனுப்பலாம். கூட்டம் முடிந்ததும், உங்களுக்கு எதிராகப் பேசியவரிடம் இரண்டு நிமிடம் நின்று பேசிவிட்டுக் கிளம்புங்கள். அக்டோபரில் அடுத்த பட்ஜெட்டின் முதல் கூட்டம் கூடும்போது அவரும் அங்கேதான் இருப்பார்.